எல்லப்பனுக்கு இரண்டு முடிவு

போன வாரம் எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் வாட்ச்மேன் ஒரு அறிவிப்பை ஒட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவப்போகிறார்கள், காலையில் தண்ணீர் வராது என்கிற வழக்கமான சமாசாரம்தான். செலோடேப் தீர்ந்துவிட்டதாம். மனைவியிடம் சொல்லி மைதாவைக் காய்ச்சி ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். பூச்சி அரிக்கக் கூடாதென்று அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் வேறு. லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்த எனக்கு அந்த வாடை மூக்கில் ஏறியதும் லிஃப்ட் வந்தது தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. "மேடம், மேல போவலியா?" என்று அவர் கேட்ட பிறகுதான் நான் ராஜகீழ்ப்பாக்கத்துக்குத் திரும்பி வந்தேன். அதுவரை மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு வாடகை நூல் நிலையத்தின் படியில் உட்கார்ந்திருந்தேன்.

துத்தம் கலந்த பசையின் வாடைதான் அந்த நூல் நிலையத்தின் வாடை. இருபது வயதில் நான் பார்த்த முதல் வேலை அங்கேதான். வேலை கிடைத்த கதை பெருமைக்குரியதல்ல. பி.ஏ. சரித்திரம் முடித்துவிட்டு, குரோம்பேட்டையில் வரதராஜன் மாஸ்டர் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து, ஹையர் பரீட்சையில் இரண்டு முறை தோற்றேன். "விரல் பத்தும் பத்துத் திசையில போகுது, நீ வீணை கத்துக்கலாம்" என்றார் மாஸ்டர். வீணைக்கு யார் சம்பளம் தருவார்கள்? மூன்றாவது முயற்சிக்கு முன் கொஞ்ச நாள் மூச்சு விடலாமென்று நூல் நிலையத்தில் சேர்ந்தேன். அந்தக் கொஞ்ச நாள் மூன்று வருஷமாயிற்று.

நூல் நிலையத்தின் சொந்தக்காரர் தேவசகாயம் சார். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடையில் நாலாயிரம் புத்தகம் இருந்தது. அவர் ஒன்றையும் படித்ததில்லை. ஒரு நாள் கேட்டேவிட்டேன். "ஏம்மா, நான் கொடி காட்டினா வண்டி போகும். எங்க போகுது, உள்ள யாரு அழுறாங்க, யாரு சீட்டாடுறாங்கன்னு கார்டு பாத்துக்கிட்டு இருந்தா வண்டி லேட்டாயிடும்" என்றார். ஆனால் புத்தகத்தின் முதுகு பிய்ந்தால் அவருக்குத் தாங்காது. மதியத்தில் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பனியனோடு உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருப்பார்.

கடையின் கடைசியில், ஜன்னலே இல்லாத சுவரோரம் ஒரு அலமாரி இருந்தது. ஐம்பதுகளில் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளை யாரோ பொறுமையாகக் கத்தரித்துச் சேர்த்துப் பைண்டு செய்திருந்த தொகுப்புகள். பழைய வீடுகளைக் காலி செய்கிறவர்களிடமிருந்து சார் வாங்கியவை. எண்பதுகளில் அவற்றை எடுப்பார் அதிகமில்லை. வேலையில்லாத மதியங்களில் நான் எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த அலமாரியில் எனக்கு ஒன்று விளங்கவே இல்லை. ஐம்பதுகளில் எழுதியவர்களுக்கு நாடு புதிதாகக் கைக்கு வந்திருக்கிறது. அணை கட்டுகிறார்கள், தொழிற்சாலை கட்டுகிறார்கள். எழுத்தாளர்களோ கூட்டமாகத் திரும்பி நின்று முந்தைய நூற்றாண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் முதல் ரயில் வந்தபோது பூதம் என்று ஓடியவர்களைப் பற்றி எழுதியிருப்பார். இன்னொருவர் துரைக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து, துரைசாணியிடம் திட்டு வாங்கிய முன்ஷியைப் பற்றி. சிலோன் தோட்டத்துக்குப் போனவர்கள், சிப்பாய்கள், ஜமீன் வாரிசுகள், பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பியவர்கள். வயதான பின் எனக்கே காரணம் புரிந்தது. அவர்களுக்கு அது சரித்திரமில்லை. அவர்கள் வீட்டுப் பெரியவர்களின் சின்ன வயசு. காதால் கேட்டு வளர்ந்தது. கேட்டதைச் சொன்னவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவசரம் அவசரமாக எழுதினார்கள். நான் இப்போது செய்வதும் வேறொன்றுமில்லை.

அவசரம் என்றேன் அல்லவா, படம் போட்டவர்களுக்கு இன்னும் அவசரம். தாது வருஷப் பஞ்சத்தில் ஆறு நாள் பட்டினி கிடந்த கதாநாயகிக்குக் கன்னம் பூரி மாதிரி உப்பியிருக்கும். பஃப் கை வைத்த ரவிக்கை, சினிமாப் புருவம். பக்கத்தைத் திருப்பினால் பின்புறம் விளம்பரம். பசியால் ஒரு குழந்தை இறக்கிற உருக்கமான பக்கத்தின் முதுகில், பசி எடுக்காதவர்களுக்கான லேகியம் ஒன்றின் விளம்பரம் இருந்தது. சிரித்துவிட்டு, சிரித்ததற்காக ஒரு நாள் முழுக்க வருத்தப்பட்டேன்.

அந்தக் கதையின் பெயர் 'எல்லப்பன் தோணி'. எழுதியவர் பெயர் 'அலைகடலான்'. கதை இதுதான். பஞ்சக் காலத்தில், ஜனங்களுக்குக் கூலிவேலை கொடுக்க வேண்டுமென்று கடலோரமாகக் கால்வாய் வெட்டுகிறார்கள். செங்கற்பட்டுப் பக்கத்திலிருந்து மண் சுமக்க வருகிறாள் பொன்னாயி. கோவளத்து எல்லப்பனைச் சந்திக்கிறாள், கட்டிக்கொள்கிறாள். ஒரு கங்காணி எல்லப்பனை ஏமாற்றிக் கப்பலேற்றிவிடுகிறான். பொன்னாயி தினமும் மண்ணைச் சுமந்துவிட்டு, சாயங்காலம் கரையில் போய் நிற்கிறாள். நாற்பத்தோராவது அத்தியாயத்தின் கடைசியில் தூரத்தில் ஒரு கப்பல் நிற்கிறது. அதிலிருந்து ஒரு படகை இறக்குகிறார்கள். படகு கிட்டே வருகிறது. அதில் ஒரு ஆள் எழுந்து நிற்கிறான். 'அந்த ஆள்...' என்று மூன்று புள்ளி. கீழே 'அடுத்த இதழில் முடியும்'. அவ்வளவுதான். அதற்குப் பிறகு பைண்டிங் அட்டை.

இது எனக்கு மட்டும் வந்த கஷ்டமாக இருந்திருந்தால் விட்டிருப்பேன். நடுவில் காசியம்மாக்கா இருந்தாள்.

காசியம்மாக்கா கோவளத்துக்காரி. அப்போது நாற்பத்தைந்து இருக்கும். விடியலில் மீன் ஏலம் எடுத்து, கூடையோடு கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம் பஸ்ஸைப் பிடித்து வந்து, மார்க்கெட்டில் விற்று முடித்துவிட்டு, திரும்பும் பஸ் வரும்வரை எங்கள் படியில் வந்து உட்காருவாள். அங்கேதான் நிழல். சாருக்கு ஆட்சேபணை இல்லை; பசைக்கும் மீனுக்கும் வாடையில் பெரிய சண்டை வராது என்பார். ஒரு நாள் நான் மடியில் அந்தத் தொகுப்பை வைத்துக்கொண்டு உதடசைத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னா பாப்பா, சாமி புக்கா?"

"இல்லக்கா, கதை. உங்க ஊர்க் கதைதான். கோவளத்துல நடக்குது."

அவள் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள். "எங்கூரு புக்குல கீதா? படி, கேப்போம்."

அன்று ஆரம்பித்தது. தினம் மதியம் ஒரு அத்தியாயம். காசியம்மாக்காவைப் போல ஒரு விமர்சகரை நான் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை. முதல் அத்தியாயத்திலேயே தலைப்பை அடித்துவிட்டாள். "தோணின்றான் பாரு. தோணி கால்வாயில உப்பு ஏத்துறவன் வச்சிருப்பான். கடலுக்குப் போறவன் கட்டுமரத்துலதான் போவான். எழுதுனவன் கடலப் பாத்துக்கிறானா?" எல்லப்பன் தை மாதத்தில் கச்சான் காற்றில் கடலுக்குப் போகிற இடம் வந்தபோது நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். "தையில ஏது கண்ணு கச்சான்? அது ஆனி ஆடியில மேக்கால இருந்து அடிக்கிற காத்து. தையில வாடை. வடக்கால இருந்து வரும், பல்லு கிட்டும்." அலை எங்கே மடங்கும், எங்கே அடங்கும், மரத்தை எந்த நேரம் பார்த்துத் தள்ள வேண்டும் என்றெல்லாம் படியில் விரலால் கோடு போட்டுக் காட்டுவாள். திட்டிக்கொண்டே கேட்பாள், ஒரு நாள் கூடத் தவறவிடவில்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. இங்கே கேட்கிற அத்தியாயத்தைக் காசியம்மாக்கா அன்றைக்குச் சாயங்காலமே கோவளத்து மணலில் உட்கார்ந்து ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். காற்றையும் மரத்தையும் திருத்தித்தான் சொல்கிறாளாம். பதினைந்து இருபது பேர் காத்திருப்பார்களாம். பஸ் தாமதமானால் ரோட்டுக்கே வந்துவிடுவார்களாம். எங்கள் நூல் நிலையத்தில் மொத்தமே அறுபது மெம்பர்கள்தான்.

நாற்பத்தோராவது அத்தியாயத்தைப் படித்துவிட்டு அட்டையை மூடினேன்.

"இன்னா மூட்டே? வந்தானா இல்லியா?"

"தெரியலக்கா. கடைசி இதழ் இதுல இல்ல."

"தெரியலன்னா? நான் ஊர்ல போயி இன்னா சொல்வேன்?" கூடையைத் தலையில் வைக்கப்போனவள் கீழே இறக்கினாள். "எங்க நாத்தனா தேசம்மா கீறா. அவ வூட்டுக்காரரு கடலுக்குப் போயி ஒம்போது வருசம் ஆவுது. மரம் கரையேறிச்சி, ஆளு வரல. பொழுது சாஞ்சா கரையில போயி நிப்பா. நாங்க கூப்ட்டா வரமாட்டா. இந்தக் கதைக்குத்தான் வந்து குந்துறா. காலைல கூடை தூக்கச்சொல்லவே கேட்டா, இன்னிக்கித் தெரிஞ்சிடுமான்னு."

அவள் கூடையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

கடைசி இதழைத் தேடி நான் அலைந்தது தனிக்கதை. மூர் மார்க்கெட் எரிந்து, பழைய புத்தகக்காரர்கள் இடம் தெரியாமல் சிதறிப்போயிருந்த சமயம். பழைய பத்திரிகை சேர்ப்பவர்கள் என்று யார் சொன்னாலும், பல்லாவரம், சேலையூர், பெருங்களத்தூர் என்று கதவைத் தட்டினேன். ஒரு வீட்டில் நாய் துரத்தியது; ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். இதழ் மட்டும் கிடைக்கவில்லை. காசியம்மாக்கா நாலு நாளாகப் படிக்கு வருகிறாள், கேட்காமல் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள். கேட்டிருந்தால்கூடத் தேவலை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும்போது, ஒரு நீள நோட்டை எடுத்து நாற்பத்திரண்டாவது அத்தியாயத்தை நானே எழுதினேன். எல்லப்பனைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன். வேறு எப்படி எழுத எனக்கு மனசு வரும்? கப்பலிலிருந்து வந்த படகு அலையில் தடுமாறுகிறது. ஊர்க்காரர்கள் மூன்று கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு எதிரே போகிறார்கள். வாடைக்காற்றில் நனைந்து நடுங்கிக்கொண்டு எல்லப்பன் கரையில் கால் வைக்கிறான். எழுதி முடித்தபோது நானே அழுதுகொண்டிருந்தேன். என் எழுத்துக்கு நானே அழுதது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"ஒருத்தர் வீட்டுல கடைசி இதழ் இருந்துதுக்கா. கொடுக்கமாட்டேன்னுட்டாரு. உட்கார்ந்து காப்பி பண்ணிக்கிட்டு வந்தேன்" என்று பொய் சொல்லிப் படித்துக்காட்டினேன். காசியம்மாக்கா கண்ணை மூடிக் கேட்டாள். ஒரு திருத்தமும் சொல்லவில்லை. முடிந்ததும் என் தாடையைத் தொட்டுவிட்டு, "நல்லாகீது பாப்பா" என்று எழுந்துபோனாள். மறுநாள் ஒரு முழு வஞ்சிரம் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் வீட்டில் மீன் சாப்பிடமாட்டோம் என்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கி, சார் வீட்டுக்கு அனுப்பினேன்.

அத்தோடு முடிந்திருக்கலாம். சார் விடவில்லை. "காப்பி பண்ணது நல்ல காரியம்மா. குறைப் புத்தகம் முழுப் புத்தகம் ஆயிடுச்சு" என்று என் நோட்டுத் தாள்களைக் கிழித்து, பசை தடவி, தொகுப்போடு சேர்த்து பைண்டு செய்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். அதோடு, வாசலில் புது வரவு எழுதுகிற கரும்பலகையில் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்தார்: 'எல்லப்பன் தோணி. முடிவுடன்.'

மூன்றாம் நாள் மதியம், பலகையின் முன்னால் ஒருவர் வெகுநேரமாகக் குடையை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தவரைப் பார்த்ததும் எனக்கு விரல் பத்தும் தானாக மடங்கிக்கொண்டன. வரதராஜன் மாஸ்டர்.

அவர் என்னைக் கவனிக்கவில்லை. நேராக சாரிடம் போனார். "வெளிய பலகையில ஒரு புத்தகப் பேர் எழுதியிருக்கீங்களே, முடிவுடன்னு. அந்த முடிவு உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

"ஒரிஜினல் இதழ்லேர்ந்து சார். நம்ம பொண்ணுதான் காப்பி பண்ணிச்சு."

"அப்படி ஒரு இதழ் வரவே இல்லையே. நாற்பத்தொண்ணு வந்த வாரத்தோட பத்திரிகையை மூடிட்டாங்க. நான்தான் எழுதினேன். முடிவை எழுதறதுக்கு முன்னாலயே ஆபீஸுக்குப் பூட்டுப் போட்டுட்டாங்க."

சார் என்னைப் பார்த்தார். மாஸ்டரும் திரும்பிப் பார்த்து என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் சொல்லிவிட்டேன். காசியம்மாக்காவையும், தேசம்மாவையும், ஞாயிற்றுக்கிழமை மதியத்தையும். வேலை போய்விடும், பரவாயில்லை; எழுதிய மனிதர் முன்னால் இப்படி மாட்டிக்கொண்டோமே என்பதுதான் அவமானமாக இருந்தது.

மாஸ்டர் புத்தகத்தை வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து என் அத்தியாயத்தைப் படித்தார். டைப் அடித்த தாளைப் பார்ப்பதுபோல, பேனாவைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு. ஒரு இடத்திலும் சுழிக்கவில்லை.

"ஒரு பக்கம் பிழையில்லாம அடிக்கத் தெரியாத பொண்ணு" என்றார் கடைசியில். "ஒரு அத்தியாயம் எழுதியிருக்கே. கட்டுமரத்தை எப்படித் தள்றாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே. நான் மெரினாவைத் தாண்டிக் கடலைப் பாத்ததில்ல. அலைகடலான்னு பேர் மட்டும் வச்சுக்கிட்டேன்."

"அப்ப மாஸ்டர், நீங்க என்ன முடிவு வச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஞாபகமில்லம்மா. அந்த வருஷம் பத்திரிகையும் போச்சு, பெரிய பொண்ணும் பிறந்தா. இன்ஸ்டிட்யூட் ஆரம்பிச்சேன். அப்புறம் அடுத்தவங்க எழுதினதை அடிக்கறதோட சரி."

அவர் இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காசியம்மாக்கா கூடையோடு படியேறினாள். இதுதான் எழுதியவர் என்று அறிமுகம் செய்தேன். அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா சார் அது? தையில கச்சான் அடிக்க வச்சிக்கிறே. ஊர்ல பொம்பளைங்க சிரிச்சாங்க."

மாஸ்டர் எழுந்து நின்று, "தப்புதாம்மா" என்றார். இன்ஸ்டிட்யூட்டில் எங்களிடம் தன்னைப் பற்றி ஒருநாளும் அந்தச் சொல்லை அவர் சொன்னதில்லை.

காசியம்மாக்கா கொஞ்சம் இளகினாள். "ஆனா பொன்னாயி நெசம். அவள யாராண்டயிருந்து எடுத்தே?"

மாஸ்டர் சொன்னார். அவருடைய அப்பாவின் அப்பா அந்தக் கால்வாய் வேலையில் பெயர் கூப்பிடுகிற எழுத்தராக இருந்தாராம். காலையில் கூலிக்காரர்களின் பெயரை வரிசையாகக் கூப்பிட வேண்டும். ஒரு பெண், தன் பெயரைக் கூப்பிட்டால் இருக்கேன் என்பாள். அடுத்தது அவள் புருஷன் பெயர். அவன் வேலையைவிட்டு எங்கோ போய் மாதக்கணக்காகிவிட்டது. அவன் பெயருக்கும் இருக்கான் என்று அவளே சொல்வாளாம். மேஸ்திரி அந்தப் பெயரை அடிக்கச் சொல்லியும் தாத்தா அடிக்கவில்லை. வேலை முடியும்வரை தினமும் இரண்டு பேரையும் கூப்பிட்டார். "எங்கப்பா இதை எனக்குச் சொன்னாரு. நாற்பத்தோரு வாரம் எழுதினதுல நிஜம் அது ஒண்ணுதான். அதையும் கதையில வைக்க மறந்துட்டேன்."

பிறகு நான் காசியம்மாக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். கடைசி அத்தியாயம் நானே எழுதியது, அவளை ஏமாற்றிவிட்டேன் என்று.

"எனக்கு அன்னிக்கே தெரியும் பாப்பா. காத்து சரியா அடிச்சிது, மரம் சரியாப் போச்சி. நான் உனுக்குச் சொன்னதெல்லாம் அப்டியே திரும்பி வருது. அந்த சாருக்கு ஏது அவ்ளோ அறிவு?" மாஸ்டரைப் பார்த்து, "கோச்சிக்காத சார்" என்றாள். பிறகு கூடையின் ஓரத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். "ஆனா நான் அத ஊர்ல சொல்லல."

"ஏங்க்கா?"

"எப்டிச் சொல்றது? தேசம்மா எதுர்ல குந்திகினு கீறா. எல்லப்பன் வந்துட்டான்னு சொன்னேன்னு வையி, இன்னும் ஒம்போது வருசம் கரையில நிப்பா. வரலன்னு சொல்லவும் வாயி வரல. அதனால நானா ஒண்ணு சொன்னேன். போட்ல வந்தவன் எல்லப்பன் இல்ல, அவங்கூட்டாளி. ரெண்டு பேரும் ஒரே தோட்டத்துல வேல பாத்தவங்க. எல்லப்பன் காய்ச்சல்ல போய்ட்டான். போறப்போ அவங்கையப் புடிச்சிகினு சொன்னானாம், எம்பொண்டாட்டி கரையில நிப்பா, நீ போயி அவள வூட்டுக்குப் போவச் சொல்லுன்னு. சொல்றதுக்குன்னே ஒர்த்தன் கடலு தாண்டி வந்துகிறான். பொன்னாயி அழுதா. அழுதுட்டு வூட்டுக்குப் போனா."

"தேசம்மா?" என்று கேட்டது தேவசகாயம் சார். பசைத் தூரிகை கையிலேயே காய்ந்துகொண்டிருந்தது. அவர் ஒரு கதையை முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

"அவளும் அழுதா. ஒம்போது வருசத்துல அழுததே இல்ல சார் அவ. அன்னிக்குக் கரைக்குப் போவல. நேத்தும் போவல."

மாஸ்டர் குடையை மூலையில் சாத்தி வைத்தார். "அம்மா, நீங்க சொன்னதை இன்னொரு தடவை முதல்லேர்ந்து சொல்லணும். நான் எழுதிக்கறேன்."

அன்று காசியம்மாக்கா இரண்டு பஸ்ஸைத் தவறவிட்டாள். மாஸ்டர் அவள் சொன்னதை அவள் பேச்சிலேயே எழுதிக்கொண்டு போய், ஒரு பிழை இல்லாமல் டைப் அடித்துக் கொண்டுவந்தார். ஒரு இடம் மட்டும் காலியாக விட்டிருந்தார். சேதி கொண்டுவந்த கூட்டாளிக்கு அவள் பெயர் சொல்லவில்லை. கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரம் தாம்பரம் பஸ்ஸிலிருந்து இரண்டு கூடைகள் இறங்கின. காசியம்மாக்காவுக்குப் பின்னால் ஒல்லியாக, தலையைக் குனிந்துகொண்டு ஒருத்தி. "இவதான்" என்றாள் காசியம்மாக்கா. "வேலைக்கு வரேன்னுட்டா." தேசம்மா என்னிடம் அதிகம் பேசவில்லை. படியின் ஓரத்தில் உட்கார்ந்து டீ குடித்தாள். கிளம்பும்போது மட்டும் கேட்டாள்.

"அந்த சேதி கொண்டாந்த ஆளு பேரு இன்னா?"

"புத்தகத்துல பேர் போடலக்கா."

"பேரு வேணும். அவ்ளோ தூரம் வந்துகிறான்." கொஞ்சம் யோசித்தாள். "மாரின்னு வையி." அவள் போன பிறகு காலியிடத்தில் நான் 'மாரி' என்று எழுதினேன். யார் பெயர் அது என்று கேட்கவில்லை.

காசியம்மாக்காவின் அத்தியாயமும் தொகுப்பில் சேர்ந்தது. என்னுடையதை எடுத்துவிடச் சொன்னேன். "பைண்டு பண்ணது பண்ணதுதான், பிச்சா முதுகு போயிடும்" என்று சார் மறுத்துவிட்டார். ஆக, ஒரே புத்தகத்துக்கு இரண்டு முடிவு. மாஸ்டர் அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கக் கேட்டார். அவரிடம் ஒரு பிரதிகூட இல்லை. "மெம்பர் ஆகாம புத்தகம் வெளிய போகாது சார்" என்றார் தேவசகாயம் சார், சிரிக்காமல். தன் புத்தகத்தைத் தானே படிப்பதற்கு மாஸ்டர் விண்ணப்பம் நிரப்பினார். தொழில் என்கிற இடத்தில் கொஞ்சம் தயங்கிவிட்டு, எழுத்தாளர் என்று எழுதினார். நான் மூன்றாவது முறை ஹையர் பரீட்சை எழுதி ஒருவழியாகத் தேறியதும் அவர் தயவில்தான். தயவு என்றால் வேறொன்றுமில்லை, அதற்குப் பிறகு என்னைத் திட்டுவதை நிறுத்திவிட்டார்; விரல்கள் தானாக அடங்கின.

இரண்டு முடிவு விஷயம் மெம்பர்களிடையே பரவி, அந்தப் புத்தகத்துக்குக் காத்திருப்போர் பட்டியல் போட வேண்டியிருந்தது. மின்சார ரயிலில் என் எதிரே உட்கார்ந்த இருவர் அதைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டு வந்ததை நான் கேட்டிருக்கிறேன். குரோம்பேட்டையில் நான் இறங்கும்வரை தீரவில்லை. யாரோ ஒருவர் கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் 'வந்தான்' என்று எழுதிவைத்தார். அதற்குக் கீழே இன்னொருவர் 'வரவில்லை, மாரிதான் வந்தான்'. அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. படித்தவர்கள் எல்லோரும் ஒரு வார்த்தை எழுதினார்கள். புத்தகத்தில் கிறுக்கினால் அபராதம் என்று பலகை மாட்டியிருந்த சார், இந்த ஒரு புத்தகத்தில் மட்டும் கண்டுகொள்ளவில்லை. ஓரம் நிரம்பியதும் அவரே இரண்டு வெள்ளைத்தாளை ஒட்டிவைத்தார்.

எனக்கு அரசாங்க வேலை கிடைத்து வண்டலூர்ப் பக்கம் போய்விட்டேன். மிருகக்காட்சிசாலை அங்கே வந்த புதிது. ஆபீஸுக்கு யார் வந்தாலும் முதலில் சிங்கத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். கல்யாணம், குழந்தை, மாற்றல். வீட்டுக்கு வீடு டிவி வந்த பின் நூல் நிலையம் இளைத்துக்கொண்டே போயிற்று. மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடியபோது, அலமாரிகள் காலியாக நின்றன. வந்தவர்களை எல்லாம் பிடித்ததை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாராம் சார். நான் அந்த ஒரு தொகுப்பைக் கேட்டேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். கடைசி வாரத்தில் ஒரு புது மெம்பர். பெயருக்கு நேரே நீல மையில் கட்டைவிரல் ரேகை. 'காசியம்மா, கோவளம்.'

"படிக்கத் தெரியாதேன்னேன். பேத்தி படிப்பான்னாங்க" என்றார் சார்.

சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது என்று திரும்பிவிட்டேன். ஒரு நாள் போய்ப் பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். உங்களுக்கும் அப்படிச் சில 'ஒரு நாள்'கள் இருக்கும். கடல் ஊருக்குள் வந்த அந்த டிசம்பர் முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் கோவளத்துக்குப் பஸ் ஏறினேன். காசியம்மாக்கா இருந்தாள். புதிதாகக் கொடுத்த வீட்டு வாசலில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள், தலை முழுக்க வெளுத்து. பக்கத்தில் தேசம்மா. ஊரில் ஆட்களுக்கு ஒன்றுமில்லை, வீட்டிலிருந்த சாமான் மொத்தமும் போய்விட்டது என்றார்கள். நான் கேட்காமலே காசியம்மாக்கா சொன்னாள்.

"புக்கு போச்சி பாப்பா. கடலு வந்து எடுத்துகினு போச்சி."

"பரவாயில்லக்கா."

"பேத்தி ரெண்டு வாட்டி படிச்சிக் காட்னா" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கரையில நின்னவங்க பக்கத்துக் கதையத்தான் நாம சொல்லிகினு கெடந்தோம். கடலுக்கும் இன்னா ஆச்சின்னு தெரிஞ்சிக்கணும்னு இருந்திருக்கும்."

தேசம்மா எனக்கு டீ போட்டுக்கொடுத்தாள். மூவரும் பழைய கதை பேசிச் சிரித்தோம். சாயங்காலப் பஸ்ஸில் திரும்பினேன்.

இப்போது அவர்களில் யாரும் இல்லை. மாஸ்டரும் சாரும் முன்பே போய்விட்டார்கள். நூல் நிலையம் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். இன்ஸ்டிட்யூட் இருந்த மாடியில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். கதை எனக்குத் தெரியும், திரும்பச் சொல்லிவிடலாம். இப்போது சொல்லியும் விட்டேன். சொல்ல முடியாதது அந்தக் கடைசித் தாள்களில் இருந்த பென்சில் எழுத்துதான். தாம்பரத்திலும் பல்லாவரத்திலும் சேலையூரிலும் இருந்த எத்தனையோ பேர், வேலை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, யோசித்து, ஆளுக்கு ஒரு வார்த்தை எழுதினார்கள். வந்தான் என்றவர்கள் அதிகமா, வரவில்லை என்றவர்கள் அதிகமா என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணியிருக்கலாம். புத்தகம் எங்கே போய்விடப்போகிறது என்று இருந்துவிட்டேன்.